அத்தியாயம் 4: மெஷின் பக்கத்தில் ஒரு சாளரம்

அளவுகளைக் கோப்பில் எழுதவும் திரும்பப் படிக்கவும் பைத்தானில் பழகியாயிற்று. ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி அளவு பதியச் சொன்னால் எந்த ஆபரேட்டரும் இரண்டாம் நாளே பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார். அவருக்கு ஒரு சாளரம் வேண்டும். அதைக் கட்டுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

ஓசூர் சிப்காட்டிலோ பாகலூர் சாலையிலோ சூளகிரிப் பக்கமோ ஒரு சிறு பட்டறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாகன ஆலைகளுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பீஸையும் மைக்ரோமீட்டரில் அளந்து ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்றில் ஒன்றைப் பதிய வேண்டும். இப்போது இது ஜாப் கார்டில் பேனாவால் நடக்கிறது. ஷிஃப்ட் முடிந்ததும் ஒருவர் உட்கார்ந்து அத்தனையையும் எக்செல்லில் ஏற்றுகிறார். இந்த இரண்டாவது எழுத்துவேலையை ஒழிப்பதற்காகவே நம் சாளரம்.

இப்படிப்பட்ட பட்டறையில் கம்ப்யூட்டர்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆபீஸில் விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் எப்போதோ வாங்கிய விண்டோஸ் 7 பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் பக்கத்தில் வைக்கலாமென்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்த ராஸ்பெரி பை லினக்ஸில் ஓடும். சாளரம் திறக்க ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனி வழி உண்டு. விண்டோஸின் கட்டளைகள் வேறு. லினக்ஸில் எக்ஸ்11, வேலண்ட் என்று இரண்டு ஏற்பாடுகள். மூன்று பெட்டிக்கு மூன்று நிரல் எழுதிப் பராமரிக்கச் சிறு பட்டறையில் ஆள் இல்லை. எல்லாத் தளங்களுக்கும் பொதுவான லைப்ரரி ஒன்றை நம்பித்தான் ஆகவேண்டும்.

எந்த லைப்ரரி

பைத்தானோடு கூடவே வருவது டி.கே.இன்டர். சிறியது, இலவசம், அரை மணியில் கற்கலாம். இருந்தும் நம் வேலைக்கு அது ஆகாது என்பதே என் முடிவு. காரணம் தமிழ். அதன் அடியில் லினக்ஸில் ஓடும் டி.கே. 8.6, தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாதது. ‘சேமி’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். இரட்டைக்கொம்பு ‘ச’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். விண்டோஸில் அதே நிரல் ஒழுங்காகக் காட்டும் என்பதால், ஆபீஸில் சோதித்துவிட்டு ராஸ்பெரி பையில் ஏற்றும்வரை இந்தக் குறை கண்ணில் படாது. தன் மொழியை உடைத்துக் காட்டும் திரையை ஒரு தொழிலாளி எதற்காக நம்ப வேண்டும்?

டபிள்யூ.எக்ஸ். விட்ஜெட்ஸ், ஜி.டி.கே. இரண்டும் நல்ல லைப்ரரிகள்தாம். நான் எடுத்துக்கொள்வது க்யூட். அது பிறந்த கதையும் நமக்கு நெருக்கமானது. 1990இல் நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் நகரில் ஹோவார்ட் நோர்ட், ஐரிக் சாம்ப்-எங் என்ற இருவர் அல்ட்ராசவுண்ட் படங்களுக்கான ஒரு தரவுத்தள நிரலில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். யூனிக்ஸ், மெக்கின்டாஷ், விண்டோஸ் மூன்றிலும் அது ஓட வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து எழுந்த லைப்ரரி 1995இல் பொதுவெளிக்கு வந்தது. க்யூட் எழுத்துகளைக் கோப்பதற்கு ஹார்ஃப்பஸ் என்ற எஞ்சினைப் பயன்படுத்துகிறது. அதனால் எல்லாத் தளங்களிலும் தமிழ் தமிழாகவே வரும்.

பைத்தானிலிருந்து க்யூட்டைக் கூப்பிடப் பைசைட், பைக்யூட் என இரண்டு வழிகள். பைக்யூட் ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது. மூலநிரலைத் திறக்க விரும்பாமல் விற்பவர்கள் அதற்குக் கட்டண உரிமம் வாங்க வேண்டும். பைசைட் எல்.ஜி.பி.எல். உரிமத்திலும் கிடைக்கிறது; அதன் நிபந்தனைகளைப் பின்பற்றினால் உங்கள் நிரலை மூடியே விற்கலாம். பட்டறைகளுக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஏற்றது பைசைட்.

பதிப்பைத் தேர்வதில் கவனம் தேவை. க்யூட் 6 ஓட விண்டோஸ் 10 வேண்டும். விண்டோஸ் 7 பெட்டியை ஓரங்கட்ட முடியாதென்றால் அதில் பைத்தான் 3.8, பைசைட்2 5.15 இரண்டையும் போடுங்கள்; அந்த இயங்குதளத்துக்கு அவையே கடைசி. மைக்ரோசாஃப்ட் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே அந்தப் பெட்டியை இணையத்தில் இணைக்காதீர்கள். நிரலின் தொடக்கத்தில் பைசைட்6 இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பைசைட்2ஐ இறக்கும் நாலு வரியைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டால் மற்றக் கோப்புகளில் பெரும்பாலும் கைவைக்க வேண்டியிராது.

முதல் சாளரம்

வகுப்புகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன். நிரலில் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். உங்கள் சொந்த மாறிகளுக்கு மட்டும் ‘அளவு’, ‘பீஸ்_எண்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம்; பைத்தான் 3 மறுக்காமல் ஏற்கும்.

முதலில் க்யூஅப்ளிகேஷன் பொருள் ஒன்றை உருவாக்குங்கள். நிரலுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பொத்தான், பெட்டி, சாளரம் எதையும் உருவாக்கும் முன்பே அது இருந்தாக வேண்டும். வரிசை மாறினால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். அடுத்து க்யூமெயின்விண்டோ. தலைப்பு, மெனு, அடியில் நிலைப்பட்டி எல்லாவற்றுக்கும் இடம் உள்ள முழுச் சாளரம் அது. நடுவில் ஒரு வெற்று க்யூவிட்ஜெட்டை வைத்து அதை மைய விட்ஜெட்டாக அமையுங்கள். நம் பெட்டிகளும் பொத்தான்களும் அதற்குள்தான் உட்காரும். பிறகு ‘ஷோ’ என்று அழைத்தால் சாளரம் தெரியும். கடைசியாக அப்ளிகேஷனின் ‘எக்ஸெக்’. பைசைட்2இல் இதன் வாலில் ஓர் அடிக்கோடு உண்டு.

இந்தக் கடைசி வரியில்தான் நிரல் உயிரோடு நிற்கிறது. மவுஸ் அழுத்தம், விசை, திரையை மறுபடி வரையச் சொல்லும் கோரிக்கை என்று இயங்குதளம் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் எடுத்து உரிய இடத்துக்கு அனுப்பும் சுற்று அது. சாளரம் மூடப்படும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இதை மனதில் இருத்துங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

புதிதாக எழுதுபவர்களைக் குழப்பும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ரிஜெக்ட்’ பொத்தானை அழுத்தினால் காரணம் கேட்கும் இரண்டாம் சாளரம் திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு ஃபங்ஷனுக்குள் க்யூடயலாகாக உருவாக்கி, உள்ளூர் மாறியில் போட்டு, ‘ஷோ’ சொன்னால் சாளரம் ஒரு மின்னல் மின்னிவிட்டு மறைந்துபோகும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த மாறியைப் பிடித்திருப்பவர் யாருமில்லை என்று பைத்தான் அதை அழித்துவிடுவதே காரணம். சாளரத்தை ‘செல்ஃப்’ மூலம் முதன்மைச் சாளரத்தின் உறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, உருவாக்கும்போதே முதன்மைச் சாளரத்தை அதன் பெற்றோராகக் கொடுங்கள். அப்போது சிறு சாளரம் பெரியதன் பின்னால் போய் ஒளியாது. பெரியது அழியும்போது சிறியதும் சேர்ந்து அழியும்.

இவ்வளவு சொன்னாலும், மெஷின் பக்கத்தில் சாளரங்களை அடுக்காமல் இருப்பதே நல்லது. ஒரே சாளரம், அதற்குள் க்யூஸ்டாக்டுவிட்ஜெட் வைத்துப் பக்கம் மாற்றுங்கள். எண்ணெய்க் கையோடு நிற்பவர் எந்தச் சாளரம் எதன் கீழே போயிற்று என்று தேடும் நிலை வரக்கூடாது.

இடம் ஒதுக்குவது

பொத்தானை இத்தனையாவது புள்ளியில் வை என்று எண் கொடுத்து அமைக்க க்யூட் அனுமதிக்கும். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஓசூர் போன்ற எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்கு இதற்குக் காரணம் உடனே புரியும். ஒரே ஷிஃப்டில் தமிழ் படிப்பவர், தெலுங்கு படிப்பவர், அத்திப்பள்ளியிலிருந்து வரும் கன்னடம் படிப்பவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இந்தி மட்டும் படிப்பவர் எல்லாரும் நிற்கிறார்கள். ‘ரீவொர்க்’ என்ற சின்னச் சொல்லுக்கு அளந்து வைத்த பொத்தானில் ‘மறுவேலைக்கு அனுப்பு’ அடங்காது. க்யூவிபாக்ஸ்லேஅவுட், க்யூகிரிட்லேஅவுட் போன்ற ஒழுங்கமைப்புகளில் பொத்தான்களைப் போட்டுவிட்டால் சொல்லின் நீளத்துக்கேற்ப அவையே விரியும். உருது போல வலமிருந்து இடம் போகும் மொழிக்குத் திசையை மாற்றினால் வரிசையையும் லேஅவுட்டே திருப்பிவிடும்.

திரையில் வரும் ஒவ்வொரு சொல்லையும் ‘டி.ஆர்.’ ஃபங்ஷனுக்குள் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலேயே பிடியுங்கள். பிறகு க்யூட் லிங்குவிஸ்ட் கருவியில் அந்தச் சொற்கள் பட்டியலாக வரும். மொழி தெரிந்த ஒருவரை உட்கார வைத்து நிரப்பிவிடலாம். நிரலில் கைவைக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டறையில் பேசும் சொல்லையே கேட்டு எழுதச் சொல்லுங்கள். ‘ஷிஃப்ட்’ என்று எல்லாரும் சொல்லும் இடத்தில் ‘பணிமுறை’ என்று போட்டால் யாருக்கும் உதவாது.

எழுத்துருவும் பெட்டிக்குப் பெட்டி மாறும். விண்டோஸ் 7இல் லதா, 8இலிருந்து நிர்மலா, லினக்ஸில் பெரும்பாலும் லோகித் அல்லது நோட்டோ. ஒவ்வொன்றின் அகலமும் வேறு. நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. அதை நிரலோடு சேர்த்து வைத்து, க்யூஃபான்ட்டேட்டாபேஸ் வழியாக ஏற்றிவிடுங்கள். எல்லாத் திரையிலும் ஒரே எழுத்து வரும்.

ஒரு மைக்ரானைத் தின்னும் பெட்டி

அளவு பதியும் பெட்டியில் சற்று நேரம் நிற்போம். எண்ணுக்கென்றே க்யூடபுள்ஸ்பின்பாக்ஸ் இருக்கிறது என்பதால் எல்லாரும் அதையே எடுப்பார்கள். அதன் இயல்பு நிலை என்ன தெரியுமா? தசமத்துக்குப் பின் 2 இலக்கம். மேல் எல்லை 99.99. ஷாஃப்டின் அனுமதி 24.980 முதல் 25.000 வரை என்று வையுங்கள். நிரலிலிருந்து 24.978ஐப் பெட்டியில் போட்டால் அது 24.98 ஆகிவிடும். ரிஜெக்ட் ஆக வேண்டிய பீஸ் ஓகே என்று காட்டும். கையால் தட்டினாலோ மூன்றாவது இலக்கத்தைப் பெட்டி வாங்கவே வாங்காது. 120 மி.மீ. பீஸ் வந்தால் அந்த எண்ணையே ஏற்காது. இலக்கத்தையும் எல்லையையும் மாற்றலாம்தான். மாற்றினாலும் இன்னொரு ஆபத்து மிஞ்சும்: பெட்டியின் மேல் மவுஸ் சக்கரம் உருண்டால் எண் தானாக ஏறி இறங்கும். அளவு பதியும் இடத்தில் அது கூடவே கூடாது.

ஆகவே சாதாரண க்யூலைன்எடிட்டை எடுத்து, அதற்கு எண் சரிபார்ப்பி ஒன்றைப் பூட்டுங்கள். தசமத்துக்குப் பின் 3 இலக்கம் என்று அமையுங்கள். எழுத்து பெரிதாக, கை நீட்டும் தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்கட்டும். அளவு அனுமதிக்குள் இருந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு என்று மட்டும் காட்டாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்கக்கூடும். நிறத்தோடு சொல்லும் இருக்க வேண்டும்.

ஸ்கேனரும் என்டரும்

பார்கோடு ஸ்கேனரை யூ.எஸ்.பி.யில் செருகினால் கம்ப்யூட்டர் அதை இன்னொரு கீபோர்டாகவே எடுத்துக்கொள்ளும். ஜாப் கார்டை ஸ்கேன் செய்தால் எண்ணை ‘தட்டி’, முடிவில் என்டரையும் தட்டும். டிஜிட்டல் மைக்ரோமீட்டரின் யூ.எஸ்.பி. கேபிள்களிலும் இப்படி வேலை செய்பவை உண்டு. இதனால் மூன்று தொல்லைகள் வரும்.

முதலாவது, கர்சர் எந்தப் பெட்டியில் நிற்கிறதோ அங்கே எண் விழும். குறிப்புப் பெட்டியில் நின்றால் ஜாப் எண் குறிப்பாகிவிடும். சாளரம் திறந்தவுடனும் ஒவ்வொரு பதிவு முடிந்தவுடனும் கர்சரைச் சரியான பெட்டிக்கு நீங்களே அனுப்புங்கள். அதற்கு ‘செட்ஃபோகஸ்’ இருக்கிறது. டேப் விசையின் வரிசையையும் வேலை நடக்கும் வரிசையிலேயே அமையுங்கள்.

இரண்டாவது, க்யூடயலாகுக்குள் இருக்கும் பொத்தான்கள் என்டருக்கு இயல்பாகவே செவிசாய்ப்பவை. காரணம் கேட்கும் சிறு சாளரம் திறந்திருக்கும்போது யாராவது அடுத்த கார்டை ஸ்கேன் செய்தால், அந்த என்டர் போய் ‘சரி’யை அழுத்திவிடும். படிக்காமலே ஒப்புக்கொண்ட பதிவு ஒன்று சேர்ந்துவிடும். டயலாகின் பொத்தான் ஒவ்வொன்றிலும் ‘ஆட்டோ டிஃபால்ட்’டை அணைத்துவிடுங்கள், ‘டிஃபால்ட்’ என்று எதையும் குறிக்காதீர்கள்.

மூன்றாவது தமிழ் தட்டுபவர்களுக்கே வருவது. குறிப்பு எழுத ஆபரேட்டர் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறியிருப்பார். அப்படியே ஸ்கேன் செய்தால் பார்கோடில் உள்ள ஆங்கில எழுத்துகள் தமிழ் எழுத்துகளாக விழும். எண்கள் மட்டும் தப்பும். பார்ப்பவர் ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று நினைப்பார். இதற்கு நிலையான தீர்வு, ஸ்கேனரைக் கீபோர்டு நிலையிலிருந்து சீரியல் போர்ட் நிலைக்கு மாற்றுவது. பெரும்பாலான யூ.எஸ்.பி. ஸ்கேனர்களின் கையேட்டில் இதற்கென்று ஒரு பார்கோடு அச்சிட்டிருப்பார்கள். அதை ஸ்கேன் செய்தால் போதும். அதன்பின் கர்சர் எங்கிருந்தாலும், எந்த மொழி விசை இருந்தாலும் எண் நம் நிரலுக்கு நேராக வரும்.

நின்றுபோகும் திரை

“சார், ஸ்கிரீன் நின்னுடுச்சு” என்று சி ஷிஃப்டில் போன் வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றே. சீரியல் போர்ட்டில் எடைமேடையோ ஸ்கேனரோ தரவு அனுப்பும்வரை நிரல் காத்திருக்கிறது. காத்திருக்கும் அந்த வரி, முன்பு சொன்ன செய்திச் சுற்றையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. சாளரம் தன்னை வரைந்துகொள்ளாது, பொத்தான் கேட்காது. 5 விநாடி பதில் இல்லையென்றால் விண்டோஸ் தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று போட்டுவிடும். ஆபரேட்டர் பவரை அணைத்துப் போடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

காத்திருக்கும் வேலை எதையும் சாளரம் ஓடும் இழையில் (த்ரெட்) செய்யாதீர்கள். க்யூசீரியல்போர்ட் தரவு வந்ததும் ‘ரெடிரீட்’ என்ற சிக்னலை எழுப்பும். அதைப் பிடித்துப் படியுங்கள். மற்ற நேரமெல்லாம் சாளரம் சுதந்திரமாக இருக்கும். ஆபீஸ் சர்வருக்கு அறிக்கை அனுப்புவது போன்ற நீண்ட வேலையை க்யூத்ரெட்டில் ஓடவிடுங்கள். ஆனால் அந்த இழைக்குள்ளிருந்து எந்தப் பெட்டியையும் பொத்தானையும் தொடக்கூடாது. முடிவைச் சிக்னலாக அனுப்பினால் முதன்மை இழை திரையை மாற்றிக்கொள்ளும். போர்ட்டின் பெயர் விண்டோஸில் காம் 3 என்பது போலவும் லினக்ஸில் டி.டி.ஒய்.யூ.எஸ்.பி.0 என்பது போலவும் இருக்கும். அமைப்புக் கோப்பில் வையுங்கள். லினக்ஸில் அந்தப் பயனர் ‘டயல்அவுட்’ குழுவில் இல்லையென்றால் போர்ட் திறக்காது.

அளவும் இருப்பிடமும்

ஆபீஸ் மானிட்டரில் அழகாகத் தெரிந்த சாளரம் ராஸ்பெரி பையின் பழைய 7 அங்குலத் தொடுதிரையில் பாதிதான் தெரியும். அந்தத் திரை 800க்கு 480 புள்ளிதான். ஆகவே சிறிய திரையிலிருந்து தொடங்கி வடிவமையுங்கள். பெரியதில் அது விரிந்துகொள்ளும். மெஷின் பக்கத்தில் ‘ஷோ’வுக்குப் பதில் ‘ஷோஃபுல்ஸ்கிரீன்’ என்று அழைத்தால் வேறு எதுவும் கண்ணில் படாது.

சாளரத்தைத் திரையின் வலது மூலையில் போய் நில் என்று ‘மூவ்’ கட்டளையால் சொல்லும் வழக்கம் விண்டோஸ்காரர்களுக்கு உண்டு. ஆனால் ராஸ்பெரி பையின் இயங்குதளத்தில், 2023இல் வந்த புக்வர்ம் பதிப்பிலிருந்து பை 4, 5 இரண்டும் வேலண்டுக்கு மாறிவிட்டன. சாளரம் தன் இருப்பிடத்தைத் தானே தீர்மானிக்க வேலண்ட் விடாது. கட்டளை பிழை காட்டாது, பலனும் தராது. இருப்பிடத்தை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

கையுறை போட்ட கைக்கு அந்தத் தொடுதிரை மசியாது, ஏனென்றால் அது கெப்பாசிட்டிவ் வகை. கையுறை கழற்ற முடியாத இடத்தில் ரெசிஸ்டிவ் திரையோ நாலு பெரிய விசையுள்ள சிறு கீபேடோ வாங்குங்கள். பொத்தான்கள் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஓகே ஒரு கோடியிலும் ரிஜெக்ட் மறு கோடியிலும் நிற்கட்டும். விண்டோஸ் திரையைப் பெருக்கி வைத்திருந்தால் க்யூட் 6 தானே சரிசெய்யும். 5.15இல், அப்ளிகேஷன் பொருளை உருவாக்கும் முன்பே ‘ஹை டி.பி.ஐ.’ பண்பை இயக்கிவிட வேண்டும்.

மூடுவது

சாளரத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை யாராவது தொட்டால் ‘க்ளோஸ்ஈவென்ட்’ வரும். அதில் ‘இக்னோர்’ சொன்னால் சாளரம் மூடாது. பாதி பதிந்த பீஸ் இருந்தால் மட்டும் தடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டால் படிக்காமலே ‘ஆம்’ அழுத்தப் பழகிவிடுவார்கள்.

கரண்ட் போனால் எந்த ஈவென்டும் வராது. அதனால் சாளரம் மூடும்போது சேமிக்கலாம் என்று எதையும் தள்ளிவைக்காதீர்கள். ஒரு பீஸுக்கு ஓகே விழுந்த கணமே அந்த வரி எஸ்.க்யூ.லைட் தரவுத்தளத்தில் எழுதப்பட்டு ‘கமிட்’ ஆக வேண்டும். ஐகானை இருமுறை அழுத்தி நிரலின் இரண்டு பிரதிகளைத் திறந்துவிடுவதும் நடக்கும். இரண்டாவதற்கு சீரியல் போர்ட் கிடைக்காமல் பிழை காட்டும். தொடக்கத்திலேயே க்யூலாக்ஃபைல் கொண்டு இரண்டாவதைத் தடுத்துவிடுங்கள்.

பொட்டலம் கட்டப் பைஇன்ஸ்டாலர் போதும். ஆனால் எந்தத் தளத்துக்கோ அந்தத் தளத்தில் உட்கார்ந்தே கட்ட வேண்டும். விண்டோஸில் கட்டியது ராஸ்பெரி பையில் ஓடாது. விண்டோஸ் 7க்கானதை அந்தப் பழைய பெட்டியிலேயே கட்டிவிடுங்கள்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்தச் சாளரத்தை உங்கள் மேசையில் வைத்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இரவு ஷிஃப்டில் மெஷின் பக்கத்தில் வைத்து, இதை எழுதுவதில் பங்கெடுக்காத ஓர் ஆபரேட்டரிடம் பத்து பீஸ் பதியச் சொல்லுங்கள். குறுக்கே எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் கை எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்; திருத்த வேண்டியது அதைத்தான்.